அறுபத்தொன்றாம் மரம்

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரே ஒரு அறை. அங்கேதான் ஜெயசுதாவுக்கு வேலை. கீழேயிருந்து யூரியா வாடையும் உள்ளேயிருந்து மரத்தூள் வாடையும் கலந்து அடிக்கும். சென்னையிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு அந்த அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜவ்வாது மலையில் நிற்கும் தேக்கு மரங்களை வெட்டாமல், குழாய் போல உள்ளே கூடான ஒரு திருகாணியால் தண்டின் நடுவரைக்கும் துளைத்து, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை மட்டும் உருவி எடுத்து வருவார்கள். அதைச் சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து ஸ்கேனரில் வைத்தால், கம்ப்யூட்டர் திரையில் குச்சி ஒரு முழ அகலத்துக்கு விரிந்து கிடக்கும். குறுக்கே வரி வரியாக வளையங்கள். வருஷத்துக்கு ஒன்று. நல்ல மழை பெய்த வருஷம் விரல் அகலம், பொய்த்த வருஷம் நூல் அகலம். வளையம் எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சிவப்புக் கோடு போட்டு, இடைவெளியை அளந்து எழுதிவிடும். அது தவறுகிற இடத்தில் கோட்டை நகர்த்தித் திருத்துவதுதான் ஜெயசுதாவுக்கும் நதியாவுக்கும் வேலை.

தவறு நிறையவே வரும். ஆடி ஆவணியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று பெய்கிற ஊர் இது. நடுவில் இருபது நாள் காய்ந்துவிட்டால் மரம் பொய்யாக ஒரு வளையத்தைப் போட்டு வைக்கும். கம்ப்யூட்டர் அதையும் ஒரு வருஷமாக எண்ணிக்கொள்ளும்.

"இதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவன் பனி பெய்யுற ஊர்க்காரன்க்கா. நம்மூரு மரத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாள் கொண்டாடுது பாரு" என்பாள் நதியா. கல்யாணமாகாத பெண், வாய் ஓயாது. "எங்கம்மா எனக்கு வயசு கொறச்சி சொல்லினு கீது. இத கையில குடுத்தா ஜாதகத்தையே நாறடிச்சிடும்."

முன்பெல்லாம் ஜெயசுதா இதற்குச் சிரிப்பாள். இப்போது கோட்டை நகர்த்திக்கொண்டே "ம்" என்பாள்.

அந்தக் குச்சிகளை மலைமேல் ஏறி எடுத்து வந்தவன் அவளுடைய கணவன் அருள்மணி. நூறு மரத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். எழுபத்தெட்டு மரம் முடித்தான். தை மாதம் செத்துப்போனான். இப்போது ஆடி. அவன் எடுத்தவற்றில் கடைசிப் பதினெட்டு மரங்களின் குச்சிகள் இன்னும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் அப்படியே பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு ஸ்ட்ராவின் மேலும் மரத்தின் எண்ணையும் தேதியையும் அவன் கையால் எழுதியிருந்தான். ஏழு என்று எழுதினால் நடுவில் ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோட்டைப் பார்க்கத் துணிந்து பெட்டியைத் திறக்க அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது.

வீட்டில் மாமியார் குப்பம்மாள். மகன் போன நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். சோறு போடும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள்.

"ஐப்பசியிலியே எம்புள்ள எளச்சிப் போய்ட்டான். ஒரே வூட்ல ஒரே பாயில படுத்தவளுக்குத் தெரியல? கண்ணு இன்னா ஊருக்குப் போயிருந்துதா?"

"மூணு வாரந்தான் அத்த அவுருக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துது. மூணே வாரம்."

"மூணு வாரத்துல ஒருத்தன் சாவானா?"

"சாவாங்களாம். டாக்டரே சொன்னாரு."

டாக்டர் சொன்னது உண்மைதான். மார்கழிக் கடைசியில் அருள்மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பெருங்காயத்தை மோரில் கலக்கிக் கொடுத்தாள். கால் வீங்கியதும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். "எத்தனை நாளா மூச்சு வாங்குது?" என்று டாக்டர் கேட்டார். அவன் முகத்தில் ஆக்சிஜன் மூடி இருந்ததால் அவள்தான் பதில் சொன்னாள். "மூணு வாரமாத்தான் சார்." அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்த பிறகு அதே டாக்டர் அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். இதயம் வீங்கிப் போயிருந்ததாம். நாலைந்து மாதம் முன்னே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கலாமாம். "மூணு வாரம்தான்னு சொல்றீங்க. சிலருக்கு அப்படித்தாம்மா, திடீர்னு போயிடும். நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஆறு மாதம் எழுந்தாள், குளித்தாள், வேலைக்கு வந்தாள். மாமியாரின் வாயை அடைக்கவும் அதுதான், தன் மனத்தை அடைக்கவும் அதுதான்.

பெட்டியைத் திறந்த வாரத்தில், அறுபத்தொன்றாம் மரத்திலிருந்து ஸ்கேன் செய்ய ஆரம்பித்தாள். ஒரு மரத்துக்கு இரண்டு குச்சி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அளந்து முடித்ததும் கம்ப்யூட்டர் எல்லாக் குச்சிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நூற்றுக்கு மார்க் போடும். ஒரே சரிவில் நிற்கும் இரண்டு மரங்களுக்கு ஐம்பது வரும், மிஞ்சினால் அறுபது. மழை ஒன்றானாலும் நிழலும் மண்ணும் வேறல்லவா. ஒரே மரத்தின் இரண்டு குச்சிகளுக்கு மட்டும் எண்பதைத் தாண்டும்.

அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் எண்பத்தெட்டு காட்டின.

தான்தான் எங்கோ தப்பாகத் திருத்திவிட்டோம் என்று நினைத்து மறுபடி அளந்தாள். எண்பத்தொன்பது. அறுபத்துமூன்றையும் அறுபத்தேழையும் போட்டுப் பார்த்தாள். எண்பத்தாறு. பிறகு நான்கு படங்களையும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது கம்ப்யூட்டரே வேண்டியிருக்கவில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்து வெள்ளமழையின் அகல வளையம், அதற்கடுத்து மழையே இல்லாத பதினாறின் நூல் வளையம், இவை எல்லா மரத்திலும் இருக்கும். ஆனால் பன்னிரண்டாம் வருஷத்தை ஒட்டி, காட்டுத்தீ நக்கிய சின்னக் கருந்தழும்பு ஒன்று இரண்டு குச்சிகளில் ஒரே இடத்தில் இருந்தது. ஒன்று அறுபத்திரண்டாம் மரம், மற்றொன்று அறுபத்தேழாம் மரம். இரண்டுக்கும் நடுவே வரைபடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம்.

ஒரே மரத்தில் துளைத்துவிட்டு வேறு வேறு எண் எழுதியிருக்கிறான். மீதி மரங்களையும் போட்டுப் பார்த்தாள், எழுபத்தெட்டு வரைக்கும் இதே கதை; கடைசியாக எடுத்த குச்சிகளில் மட்டும் மரத்தின் மையத்தை ஒட்டி ஒரு வளையம் கூடுதலாக இருந்தது. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

நதியா சாப்பிடப் போயிருந்தாள். ஜெயசுதா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேவயானி மேடம்தான் இந்த வேலைக்கெல்லாம் தலைமை. மாதக் கடைசியில் வருவார். அச்சாகப்போகும் கட்டுரையில் அருள்மணியின் பெயரை நன்றியோடு போடப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒரு கோட்டை இடப்பக்கம் நகர்த்தினாள். இன்னொரு பொய் வளையத்தை மெய்யென்று ஒப்புக்கொண்டாள். மார்க் எழுபத்திரண்டுக்கு இறங்கியது. பதினைந்தாம் வருஷத்து வெள்ளத்தைப் பாதியாகக் குறுக்கினாள். ஐம்பத்தெட்டு. அவ்வளவுதான் வேலை. முப்பத்தாறு குச்சிக்கும் இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

படத்துக்குத் தேதி போட வேண்டியிருந்தது. ஸ்ட்ராவைக் கையில் எடுத்துப் படித்தாள். அறுபத்தொன்று. 24-9.

புரட்டாசி முதல் வாரம். அன்றைக்கு அவன் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு பை நிறையச் சீத்தாப்பழம். "இன்னாங்க, இன்னிக்கு மல சீக்கிரமா எறங்கி வந்துட்டுதா?" என்று கேலி பண்ணினாள். "சீக்கிரம் முடிஞ்சிட்டுது சுதா" என்று சிரித்தான். அவள் பழத்தைப் பிட்டுக்கொண்டே, தினமும் இப்படி வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவன் தினமும் நாலு மணிக்கே வந்தான்.

திருத்திய கோடுகள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள். நேர்மைக்காக அல்ல. அவன் பெயர் கெட்டால் என்ன, நிலைத்தால் என்ன என்று ஆகிவிட்டது அவளுக்கு. தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சோம்பேறித்தனத்தில் செய்தானா, முடியாமல் செய்தானா? சோம்பேறித்தனமாக இருக்கட்டும் என்று கும்பிட்டாள். பொய்யனாக இருக்கட்டும், திருடனாக இருக்கட்டும், நோயாளியாக மட்டும் இருந்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் போய், அங்கிருந்து புதூர்நாட்டுக்குப் பஸ் ஏறினாள். அருள்மணிக்கு வழிகாட்டியாகக் கூடவே நடந்தவர் காசி. அவர் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கையிலிருந்த களைக்கொட்டைக் கீழே போட்டார். வரவேற்கிற முகமாக இல்லை அது.

"வா தங்கச்சி. எப்பனா ஒரு நாளு நீ வருவேன்னு தெரியும்."

"அறுபத்தொண்ணாம் மரம் எங்க கீது காசிண்ணா?"

"மேல."

"அது எனக்கும் தெரியும். அவுரு குச்சி எடுத்த மரம் எங்க கீது?"

காசி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரும்மா. நான் இன்னா பண்ணட்டும்."

"செத்தவருக்கு இன்னாண்ணா சத்தியம்? சொல்லுங்க."

"அன்னிக்கு அந்த மரத்துக்கு ஏறும்போதே பாதில குந்திக்கினாரு. ஒதடு நீலமாயிடுச்சி. நெஞ்சுல கல்லு வெச்சா மாதிரி கீது காசின்னாரு. எறங்கலாம் வா, டாக்டராண்ட போலாம்னேன். வேலை முடியட்டும், முடிஞ்ச அன்னிக்கே போறேன்னாரு."

"நீங்களாவது ஏறி எடுத்திருக்கலாமே."

"எடுத்துப் பாத்தேனே! அந்தத் திருகாணி என் கைக்கு வரல. ரெண்டு தபா மரத்துக்குள்ளயே மாட்டிக்கிச்சி. ஒடஞ்சா வெளிநாட்டு சாமான், எவன் பதில் சொல்றது? செல்போன என் கையில குடுத்து மேல அனுப்புவாரு. மரத்தாண்ட நின்னு எடத்த மட்டும் பதிஞ்சிட்டு வர்றது என் வேல. அவுரு இங்க ரோட்டோரம் குந்தி துளைப்பாரு."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? போன்ல ஒரே ஒரு வார்த்த."

"சொல்றேன்னுதான் சொன்னேன். வாணான்டா காசி, சுதாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் பூடும்னாரு. மொத தபா என்ன நாலு பேரு சார்னு கூப்புடறான், பாதியில வுட்டா வேற ஆள போட்டுடுவான்னாரு."

ஜெயசுதா கொல்லை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். காசி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "மரத்தக் காட்டுங்க" என்றாள்.

பஸ் நிற்கிற வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் மூன்று தேக்குகள் நின்றன. எல்லாத் துளையையும் காசி தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தார். பட்டையில் மஞ்சள் பொட்டுகளாகத் தெரிந்தன. ஒரு மரத்துக்குப் பன்னிரண்டு. மேல் வரிசை அவள் மார்பளவு உயரத்தில் இருந்தது. முறைப்படி துளைக்க வேண்டிய உயரம் அதுதான். அடுத்த வரிசை இடுப்பளவில். கடைசி நாலு துளைகள் முழங்காலுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு முழத்தில் இருந்தன.

"இதெல்லாம் ஏன் இவ்ளோ கீழ கீது?"

காசி மரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "நிக்க முடியல. முட்டி போட்டுக்கினு பண்ணாரு. அப்பறம் அதுவும் முடியல. பக்கவாட்டுல சாஞ்சிக் குந்திக்கினு, ஒரு சுத்து சுத்துவாரு, கண்ண மூடிக்குவாரு. ஒரு குச்சிக்கு ஒரு மணி நேரம்."

அடிமரத்துக்கு வயது ஒன்று கூடுதல்தானே, கன்று மார்பளவு வளருமுன் போட்ட வளையம் அடியில் மட்டும்தான் இருக்கும். கூடுதல் வளையம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. அவள் குனிந்து, கடைசித் துளையின் மெழுகை விரலால் தொட்டாள். பிறகு அவன் சாய்ந்திருந்த இடம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே சாய்ந்து உட்கார்ந்தாள். ரோட்டில் ஒரு ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்த மூன்று மாதமும் எத்தனை ஜீப் இப்படி இறங்கிப் போயிருக்கும். கையைக் காட்டியிருந்தால் எதுவும் நின்றிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் தேவயானி மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதை நீங்களேவா கண்டுபிடிச்சீங்க, ஜெயசுதா?"

"மெஷின்தான் மேடம் கண்டுபிடிச்சிது. நான் பார்த்தேன், அவ்வளவுதான்."

"நீங்க சொல்லாம விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "அந்த முப்பத்தாறையும் எடுத்துடணும். முதல் அறுபது மரத்தையும்கூட இனி சந்தேகப்படுவாங்க."

"அதெல்லாம் அவர் நடந்து போய் எடுத்தது மேடம். மெஷினையே கேட்டுப் பாருங்க. அறுபதைத் தாண்டாது."

"பார்க்கறேன். நீங்க வேணா ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. நீக்கற வேலையை நதியா பண்ணட்டும்."

"வேணாம் மேடம். நானே பண்றேன்."

ஒவ்வொரு படமாகத் திறந்து, நீக்கம் என்று குறித்து, காரணம் எழுதுகிற கட்டத்தில் 'ஒரே மரம்' என்று அடித்தாள். முப்பத்தாறு தடவை. தேதி தானாகவே பக்கத்தில் வந்து நின்றது. 24-9. 27-9. 3-10. அன்றன்றைக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிக்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. மூன்றாம் தேதி நதியாவின் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து. அருள்மணி விருந்தில் சரியாகச் சாப்பிடவில்லை என்று இவள் கோபித்துக்கொண்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு தலையணை கேட்டான். எந்த ராஜாவுக்கு இரண்டு தலையணை என்று கேட்டுவிட்டு எடுத்துப் போட்டாள். எல்லாமே கண்ணுக்கு முன்னால்தான் நடந்திருக்கிறது. ஒரு பெரிய வெள்ளத்தை, மயிரிழை வறட்சியை, இருபது நாள் மழை நின்றதைக்கூட மரத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அவள்.

நதியா பக்கத்து நாற்காலியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு டீ வாங்கி வந்து வைத்தாள். ஒரு மணிக்கு ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். "யக்கா, நீ இன்னா சாமியா? அவுரு மறச்ச நோவு உனக்கு எப்டி தெரியும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஜெயசுதா அடுத்த படத்தைத் திறந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது குப்பம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் காலைக் கழுவி உள்ளே வருமுன்பே வழக்கமான பேச்சு தொடங்கிவிட்டது.

"வந்தியா மகராசி. ஊர்ல கீற மரத்துக்கெல்லாம் இன்னா நோவுன்னு பாக்கறே. வூட்ல கீறவனுக்கு நோவு வந்தது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியல."

ஜெயசுதா எதிரே உட்கார்ந்தாள். ஒரு கொத்துக் கீரையைக் கையில் எடுத்தாள்.

"நீங்க சொன்னதுதான் அத்த நெசம்."

"எது?"

"மூணு வாரம் இல்ல. நாலு மாசம். பொரட்டாசிலேர்ந்து மூச்சு வாங்கியிருக்குது. மலையில பாதி வழியில குந்தியிருக்காரு. காசி சொல்லிட்டாரு. நான் பாக்கல."

சொல்லிவிட்டு, வரப்போகிற வசவுக்காகத் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கிழவியின் கை கீரைக் காம்பிலேயே நின்றுவிட்டது.

"பொரட்டாசியா?"

"ஆமா."

"பொரட்டாசில நானும் இங்கதானே இருந்தேன்" என்றாள் குப்பம்மாள். யாரோ மூன்றாவது மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். "சனிக்கெழமதோறும் பெருமாளுக்குத் தளிகை போட்டு அவனுக்கு நாந்தானே சோறு வெச்சேன். நம்ம தெரு மேடு ஏறி வரும்போது நின்னு நின்னு வந்தான். ஏன்டா நிக்கறேன்னு கேட்டேன். செருப்பு வாரு அறுந்துட்டுதும்மான்னான்."

"அத்த..."

"செருப்ப நான் திருப்பிப் பாக்கலடி. வாசல்லதான் கெடந்துது."

முறம் மடியிலிருந்து சரிந்தது. இரண்டு பேரும் அதைப் பிடிக்கவில்லை. கீரை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. விளக்கு வைக்கும் நேரம் ஆனது, பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது, யாரோ வாசலில் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை மாதமாகத் தினமும் சண்டை போட்டுக்கொண்டு இருந்த வீட்டில் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. ஜெயசுதா ஒருவழியாக எழுந்து ரசம் வைத்தாள். இரண்டு தட்டில் போட்டு எடுத்து வந்தாள். இரண்டும் அப்படியே இருந்தன.

காலையில் வாடிப்போன கீரையைக் கூட்டி அள்ளிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். மாமியார் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது.

"அத்த, இட்லி மூடி வெச்சிருக்கேன். நான் போய்ட்டு வர்றேன்."

ஜெயசுதா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு திட்டாவது வரும் என்று பஸ் போகிற நேரம் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தாள்.